என் குரலில் வந்த மரண அறிவித்தல்

செவ்வாய், இரவு

நான் திரும்பவும் வானொலிக்குப் போவதாக ஊரில் கதைக்கிறார்கள். அது பொய். இருபத்திரண்டு வருடம் காலை நிகழ்ச்சி நடத்திய என்னைப் பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு என்னிடம் கேளாமலே, பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, அதையே என் குரலில் பேச வைத்துவிட்டார்கள். அந்தக் குரலுக்குச் சளி, தடிமன் வராது. அது கேள்வியும் கேட்காது.

இன்று பின்னேரம் பள்ளிமுனைச் சேமக்காலைக் கல்லறைகளிலிருந்து ஒரு பெண் நேரே என் வீட்டுக்கு வந்தாள். வங்காலைக்காரி.

"மூண்டு மணிக்கே அண்ணனை அடக்கிப்போட்டினம். நாலு மணி எண்டு நீங்கள்தானே காலமை ரேடியோவில சொன்னனீங்கள்?"

"அது நானில்லை, பிள்ளை. மெஷின்."

"உங்கட குரல் எனக்குத் தெரியாதோ? அண்ணன் வீட்டோட எங்களுக்குக் கதை பேச்சில்லை. வேற ஆர் எனக்குச் சொல்லுவினம்?"

உட்காரச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை.

செத்த வீட்டுக்கு நானே தொலைபேசி எடுத்து நேரம் கேட்காமல் ஒரு மரண அறிவித்தலையும் நான் வாசித்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். அண்ணனின் முகத்தை அவள் இனிப் பார்க்கப்போவதில்லை.

நிலையப் பொறுப்பாளருக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். அதன் கடைசி வரிகள்: "நாளைக் காலை முதல் என் குரலை ஒலிபரப்ப வேண்டாம். வங்காலைக்கு நீங்களே போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேளுங்கள். இரண்டையும் செய்வீர்களா என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்."