சனிக்கிழமை நிறுவை

பன்வில,
10.03.1996

அன்புத் தங்கை பாலம்மாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் உன் மகளும் நலம். குவைத்தில் வெயில் ஏறுமுன் இது உன் கைக்குக் கிடைக்கட்டும்.

நீ அனுப்பிய சொக்லட், பால்மா டின் எல்லாவற்றையும் பக்கத்து லயத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே. பதினாலு வயதில் சுகந்தி அறுபத்தெட்டுக் கிலோ. விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகள் கேலி செய்தார்கள் என்று அவளே வந்து அழுதாள். "மெலியணும் மாமா" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் உடற்பயிற்சிப் புத்தகங்கள் நாலு படித்து முடித்தேன். காலையில் கோயிலடியிலிருந்து ஃபெக்டரி வரை ஏற்றத்தில் ஓட்டம். இரவுச் சோறு கிடையாது.

சனிக்கிழமை தோறும் மடுவத்தில், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தராசில் சாக்கைக் கட்டி, அதில் அவளை உட்காரவைத்து நிறுக்கிறேன். முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக நிறுத்த கை, பிசகாது. "ஐயா, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிங்க!" என்று, அவர்கள் கொழுந்தில் நான் கழிப்பதைச் சொல்லிக்காட்டி, கொழுந்து எடுக்கும் பெண்கள் கத்துவார்கள். அவளும் சிரிப்பாள். மூன்று வாரத்தில் ஐந்து கிலோ! இங்கே யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. நீயாவது சொல்.

அண்ணன்
முத்துலிங்கம்


குவைத்,
02.04.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகந்தியின் கடிதம் வந்தது. மடுவத்தில் அவள் ஒரு நாளும் சிரிக்கவில்லை அண்ணா.

வாராவாரம் வியாழக்கிழமை தொடங்கி நிறுவை முடியும்வரை வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்திருக்கிறாள். பதினாறாம் தேதி ஏற்றத்தில் மயங்கி விழுந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். அதை எனக்கு எழுத உங்களுக்குப் பேனை கிடைக்கவில்லையா?

டொக்டர் சொன்னதை அவள் எழுதியிருக்கிறாள்: "வளர்ற பிள்ளைய பட்டினி போடாதீங்க. மூணு வேளையும் சாப்பிடட்டும். தட்டுல பாதி மரக்கறி, கீரை, அளவா சோறு, பருப்பு, முட்டை. பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும். முடியாட்டி நடக்கட்டும். எடை மெதுவா எறங்கட்டும்."

நீங்கள் கெட்டது நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "நான் செஞ்சது பிழை" என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடியாவிட்டால், இங்கே என்னோடு வேலை செய்த றிஸானா நாவலப்பிட்டியில் இருக்கிறாள். அவளோடு பிள்ளையை அனுப்பிவிடுங்கள்.

தங்கை
பாலம்மா


பன்வில,
19.05.1996

பாலம்மாவுக்கு,

அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு பிள்ளை முன்னால் தலைகுனிய எனக்கு வராது. றிஸானா வந்து கூட்டிப்போனாள். போகும்போது சுகந்தி "வாறேன் மாமா" என்று சொல்லவில்லை. அதையும் எழுதுகிறேன்.

நேற்று நாவலப்பிட்டிக்குப் போனேன். குறை பிடிக்கத்தான் போனேன், ஒளிப்பானேன். மைதானத்தில் றிஸானாவும் அவளும் கொஞ்சம் ஓடுவதும் கொஞ்சம் நடப்பதுமாகச் சுற்றினார்கள். வாய் ஓயாத கதை. இதெல்லாம் ஓட்டமா என்று நினைத்தேன். நாலு சுற்று முடிந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. முகம் தெளிந்திருந்தது.

பிறகு புல்லில் உட்கார்ந்து அவித்த கடலை சாப்பிட்டார்கள். நான் வேலியருகே போய் "சுகந்தி" என்றேன்.

திரும்பியவள் கடலைப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். வாயிலிருந்ததை மெல்லவில்லை.

"சாப்பிடும்மா" என்றேன். அப்படியே இருந்தாள். நான் போனால்தான் விழுங்குவாள் என்று தெரிந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவள் அங்கேயே படிக்கட்டும். தீபாவளிக்கும் இங்கே அனுப்பாதே.

முத்துலிங்கம்