புறாத்தீவுக்குப் போனவர்

1983 யூலை 10, ஞாயிறு. கண்டி

இவர் நிலாவெளியிலிருந்து வந்துவிட்டார். முதுகெல்லாம் வெயிலில் உரிந்திருக்கிறது. கம்பஸில் விலங்கியல் படிப்பிப்பவர். எட்டு வருடமாகக் கடல் அடங்கும் காலமென்றால் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவுதான். கடலடியில் பவளம் வளர்த்த முருகைக்கற்களை வரைவார், பாறைப் புறாக்களின் கூடுகளை எண்ணுவார். "நாப்பத்தொரு கூடு, கமலா!" பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளையில்லை.

யூலை 27. மடவளை

நேற்று மத்தியானம், தமிழர் வீடென்று, எங்கள் வீட்டை எரித்துவிட்டார்கள். என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் பிள்ளை றலியா வந்து இழுத்துப்போயிராவிட்டால்— "ஒண்டும் எடுக்காம வாங்க டீச்சர். கேட்டா எங்கட மாமி எண்டு சொல்றன்." இப்போது அவள் வீட்டில் இருக்கிறோம். இவருடைய எட்டு வருடக் குறிப்புகளும் சாம்பல். இவர் பேசவேயில்லை.

1985 மே 17. கண்டி

வாடகை வீடு. இரண்டு வருடமாக அதே கதிரை, அதே மௌனம். இன்று பொறுக்க முடியவில்லை.

"ஒருக்கால் தீவுக்குப் போட்டு வாங்கோவன். திரும்ப முதலிலயிருந்து தொடங்குங்கோ."

நிமிர்ந்து பார்த்தார். "ஓம், போறன்." முகம் கொஞ்சம் வெளித்தது.

மே 25

நிலாவெளி இருக்கும் திருகோணமலைப் பக்கம் கலவரமென்று ரேடியோ சொல்கிறது. போய் ஆறு நாள். வருவார்.

யூன் 19

இவரை வழமையாகத் தீவுக்கு ஏற்றிப்போகும் படகுக்காரரின் கடிதம் வந்தது. ஐயாவைத் தீவிலிருந்து ஏற்றிவந்து கரையில் இறக்கினாராம். பஸ்ஸுக்கு நடந்து போனாராம். பிறகு ஒருவரும் காணவில்லையாம்.

நானெல்லோ போகச் சொன்னன். நான்தானே! பேசாமல் இருந்தாலும் இருந்திருப்பாரே.

1991 மார்ச் 4

பொலிசில் இன்றும் அதே பதில்: தகவல் ஒன்றும் இல்லை.

2003 ஓகஸ்ட் 16. நிலாவெளி

சண்டை நின்று பாதை திறந்திருக்கிறது. தீவைத் தேசியப் பூங்காவாக்கியிருக்கிறார்கள். றலியாவோடு போனேன். அந்தப் பழைய படகுக்காரரைப் பற்றி விசாரித்தேன். அவரும் இல்லையாம்.

தீவின் கரை முழுக்க வெள்ளை முருகைக்கல் துண்டுகள், நடந்தால் கலகலக்கின்றன. முழங்கால் தண்ணீரில் குட்டிச் சுறாக்கள், செட்டை நுனி கறுப்பு. இவர் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் கூடவந்ததில்லை. ஏன் வரவில்லை?

"அம்மா, கல்லொண்டும் எடுக்கப்படாது" என்றார் பூங்காக் காவலர்.

"எடுக்கேல்லைத் தம்பி."

அங்கேயே இருந்து அழுதேன். றலியா பக்கத்தில் வந்து இருந்தாள்.

ஓகஸ்ட் 25. கண்டி

கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, போனேன். மரணப் பதிவுக்கு எழுதித் தரும்படி எத்தனையோ பேர் சொல்லியும் பதினெட்டு வருடம் மறுத்திருந்தேன்.

"இறந்த இடம்?"

"நிலாவெளி."

"திகதி?"

"தெரியாது."

"நீங்க என்ன முறை?"

"அவற்ற மனுசி" என்றேன்.

கிளாக்கர் 'விதவை' என்று எழுதினார். நான் திருத்தவில்லை.