கிறிஸ்டினா இல்லம்

பொழிச்சலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகன் பிரிட்டோவுக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் சுகமில்லை. உன் தங்கச்சி கிறிஸ்டினா பேச்சை எடுத்தாலே "மீட்டிங்மா" என்று போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படி.

நேற்று விவாகரத்துக்குச் சமரசம் பேசப் போனோம். மாப்பிள்ளை எழிலுக்காக அவன் பெரியப்பா சவுரிமுத்துதான் பேசினார். புருஷன் அடித்தான் என்று அவள் போட்ட கேஸை வாபஸ் வாங்கினால் வீட்டில் பாதியாம். இல்லையென்றால் பத்திரம் எழில் பேரில் இருக்கிறது, ஒரு செங்கல்கூடக் கிடையாதாம். "கை நீட்டாத புருஷன் எங்கம்மா கீறான்? அதான் பாதி வூடு தரோம்ல" என்கிறார், டீயை உறிஞ்சிக்கொண்டே.

வாசலில் கருங்கல்லில் "கிறிஸ்டினா இல்லம்" என்று செதுக்கி வைத்தானே எழில், அதில் மயங்கித்தானே வீட்டைக் கட்டி முடிக்க நகையெல்லாம் கழற்றிக் கொடுத்தாள்! பேரே கல்லில் இருக்கிறது, பத்திரத்தை யார் பார்த்தோம்? இப்போது "அந்தக் கல்லை வேணா பேத்துக்கினு போவச் சொல்லு" என்று சிரிக்கிறார் அந்த மனுஷன். த்தூ!

அடித்தது நிரூபணமானால் வீட்டிலும் நகையிலும் அவள் உரிமை கேட்க வழி இருக்கிறது என்கிறார் நம் வக்கீலம்மா. ஆனால் ஆஸ்பத்திரிச் சீட்டில், வீட்டுப் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகத்தான் பதிவாகியிருக்கிறது. அப்படிச் சொல்லச் சொன்னது நீ. பார்த்த ஒரே ஆளும் நீதான். அன்று புது வீட்டை மந்திரிக்க வந்த ஃபாதர் கூடத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருக்கிறார், அடுப்படியில் பிரியாணிக்கு உப்பு குறைச்சல் என்று உன் கண்ணெதிரே எழில் அவள் தாடையில் குத்தினான். நீ அவனைத் தோளில் தட்டிக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாயாம். இதை அவள் என்னிடம் சொன்னதே இப்போதுதான். இன்றும் அப்பத்தை நனைத்துத்தான் மெல்லுகிறாள்.

பாதியை வாங்கிக்கொள்ளச் சொல் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். சீ, எப்படிடா மனசு வந்தது உனக்கு? அவள் வேண்டாம் என்றுவிட்டாள். அடி வாங்கவே இல்லை என்று கையெழுத்துப் போட்டு வாங்கிய வீட்டில் எனக்குத் தூக்கம் வராதம்மா என்கிறாள்.

அடுத்த மாதம் வாய்தா. லீவு போட்டு வா. பார்த்ததைச் சொல், போதும்.

நீ துபாய் கிளம்பும்போதெல்லாம் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் ஆசீர்வாதம் எழுதக் கை வரவில்லை. கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டு இறங்கி வா, கோர்ட் வாசலிலேயே சிலுவை போடுகிறேன்.

உன் வழி பார்த்திருக்கும் அம்மா,
செல்லம்மா