வந்த வழியே திரும்பிய ரயில்

அம்மா,

நேற்று காலை நாரிச்சிலிருந்து வந்த ரயிலில் நீ என்னைப் பார்த்துவிட்டாய்.

என்னுடன் இருந்தவர்கள், நான் கட்டிக்கொள்ளப்போகும் ரூபர்ட்டின் பெற்றோர். கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் பீட்டர்பரோ போய்க்கொண்டிருந்தோம். என் அம்மா ஹோட்டல் நடத்துகிறாள் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருந்தேன். அதனால்தான் முதல் பெட்டியில் ஏறினேன். நம் ஊர் ஈலி ஸ்டேஷனுக்குள் ரயில் நுழையும்போது குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். உன் டீக்கடையைத் தாண்டி, பிளாட்பாரத்தின் மறுகோடியில் எங்கள் பெட்டி நின்றது. தப்பித்தேன் என்று நிமிர்ந்தேன்.

அந்த ரயில் ஈலியில் நின்று, வந்த வழியே திரும்பிப் புறப்பட்டுத்தான் பீட்டர்பரோ போகும் என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு மறந்துவிட்டது.

"என்னம்மா இது, திரும்ப வீட்டுக்கே கூட்டிட்டுப் போறான்! டிரைவருக்குப் பொண்டாட்டி ஞாபகம் வந்துடுச்சு போல," என்று ரூபர்ட்டின் அப்பா சிரித்தார்.

"உங்களுக்கு வராத ஞாபகம் அவனுக்காவது வருதே," என்றார் அவன் அம்மா.

சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினேன். எங்கள் பெட்டி உன் கடையை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது; எதிரே நீ. உன் கை பாதி உயர்ந்தது. பிறகு அவர்களைப் பார்த்தாய். அதே கையால் துணியை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டி காபி மெஷினைத் துடைத்தாய்.

"அந்தம்மா உன்னத்தானே பாத்தாங்க? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார் ரூபர்ட்டின் அம்மா.

"இல்லையே," என்றேன்.

மண்டப வாசலில் அவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அவன் அம்மா, "அவங்க திரும்பிக்கிட்டது உனக்காகவா?" என்று மட்டும் கேட்டார்.

சனிக்கிழமை அவர்களுடன் வருகிறேன். நீ முகம் திருப்பிக்கொண்டாலும் நியாயம்தான். கடைசிப் பெட்டியில் ஏறுவேன். அது உன் கடைக்கு நேரே நிற்கும்.

உன் மகள்