செத்தவர் போட வந்த ஓட்டு

கிழக்கன்விளை
மலையாள வருஷம் 1112 இடவம் 14

அன்புள்ள மகள் லீலாபாய்க்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், வீட்டளவில் எப்படி என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். கொழும்பில் உனக்கும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் கர்த்தர் சுகம் தருவாராக. இருமல் விட்டதா என்று போன கடிதத்தில் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. இங்கே மழை தொடங்கிவிட்டது, கறுப்புப் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. இந்தத் தேர்தலில் நான் குடும்ப மானத்தை வாங்கிவிட்டேன் என்று சபை மூப்பர் உனக்கு எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அவர் கடிதம் வருமுன் நடந்தது நடந்தபடி என் கையால் உனக்குத் தெரியட்டும்.

இந்த ராஜ்யத்தில் சட்டசபைக்கு ஓட்டுப் போடக் கரம் கட்டுகிற நிலம் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நம் விளை நிலம் உன் தாத்தா எனக்கு எழுதிக்கொடுத்தது, வரி ரசீது என் பேரில். ஆகையால் ஓட்டு எனக்கு, அப்பாவுக்கு இல்லை. ஓட்டுள்ளவர்கள் பேர் எழுதிய ஜாபிதாவைப் பகுதிக் கச்சேரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள், போய்ப் பார்த்தால் என் பேரைக் காணோம். அப்பாவுடைய பெரியப்பா முத்துநாயகம் பேர் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. அவர் செத்துப் பதினோரு வருஷம். மகன் ரங்கூனில் இருப்பதால் நிலம் இன்னும் பேர் மாறவில்லை, அதனால் கச்சேரிக் கணக்கில் மனுஷன் உயிரோடிருக்கிறார். கரம் கட்டும் நான் இல்லை, கல்லறையில் கிடப்பவர் இருக்கிறார், இதற்குப் பேர் ஜனங்களின் சபையாம். அந்தக் கச்சேரி அதிகாரி பார்வத்தியக்காரரிடம் கேட்டதற்கு, பொம்பளைக்கு எதற்கம்மா இந்தச் சல்லியம், புருஷன் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றார். புருஷனுக்கு ஓட்டே இல்லை ஐயா என்றேன், அதை அவர் யோசித்திருக்கவில்லை. பிறகு ரசீதுகளை எடுத்துக்கொண்டு தாலூகா கச்சேரிக்கு மூன்று நடை நடந்தேன். அங்கே ஒரு குமஸ்தா நான் வாய் திறக்குமுன் பெருவிரலுக்கு மைப்பெட்டியைத் தள்ளினான். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் ஒன்று என்று மூன்று கையெழுத்துப் போட்டு, எது வேண்டுமோ வைத்துக்கொள் என்றேன். பேர் ஏறியது.

தேர்தலில் நின்றவர்களில் ஒருவர் நம் செல்வதாஸ் வக்கீல். ஐந்து வருஷத்துக்கு முன் நம் சபைக் கோவில் முற்றத்தில் நின்று, மனுஷனெல்லாம் சமம், நம் ஜனத்துக்கும் சட்டசபையில் இடம் வேண்டும் என்று அழுதாரே, அவர்தான். அன்றைக்கு நானும் கண்ணைத் துடைத்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இந்தத் தடவை ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். பேர் உள்ள வீட்டில் கும்பிடு, இல்லாத வீட்டுக்கு முகத்தைக்கூடத் திருப்பவில்லை, சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுப் பொறுக்குவது போல. நம் விளையில் வேலை செய்கிற பூங்கனி அவர் எதிரே கும்பிட்டு நின்றாள். அவளைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, அம்மாவுடைய சகாயம் வேண்டும் என்று பல்லைக் காட்டினார். பூங்கனியிடம் கேளுங்கள் என்றேன். அவளுக்கு ஏது ஓட்டு என்று சிரித்தார், கூட வந்த மூப்பரும் சிரித்தார். சமத்துவம் அவ்வளவுதான். அப்பா மட்டும் அவர் பின்னாலேயே நடந்தார்.

தேர்தலன்று பெண்கள் வரிசையில் நாங்கள் நாலே பேர். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பினால் ஆண்கள் பக்கத்து மேஜையில் பேர் சொல்லச் சொல்லி ஆபீசர் கேட்கிறார், முத்துநாயகம் என்று பதில் வருகிறது. அந்தக் குரலை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். உன் அப்பா, லீலா. தோளில் துவைத்த நேரியலும் போட்டு, தலை குனிந்து நின்றார். ஆபீசருக்குச் சந்தேகம், இவரை யாருக்காவது தெரியுமா என்றார். நம் சபையார் ஆறு பேர் அங்கே இருந்தார்கள், ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். வக்கீலுடைய ஆள் துணிந்து, எனக்குத் தெரியும், முத்துநாயகம் இவர்தான் என்றான். என்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க முடியவில்லை.

“சார், முத்துநாயகம் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இவரு எனக்க மாப்பிள, சத்தியநேசன்.”

ஆபீசர் நல்ல மனுஷன். வயசைப் பார்த்து, கேஸ் எழுதாமல், வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் வெளியே போனார். வக்கீல் எப்படியும் ஜெயித்தார், அந்த ஒரு சீட்டு அவருக்குத் தேவையே இல்லை. ஜெயித்ததற்கு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். சபைக்கு முன்னால் நான் புருஷனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று மூப்பர் ஆள் அனுப்பினார். பொய் சொன்னவர்களை முதலில் நிறுத்துங்கள், வரிசையில் கடைசியாக நான் நிற்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதன்பின் ஆள் வரவில்லை.

அப்பா எட்டு நாள் பேசவில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு விளைக்குப் போய்விடுவார். வக்கீலுக்கு வால் பிடிக்கப் போய் அவமானப்பட்டார், படட்டும் என்று நானும் இருந்தேன். ஒன்பதாம் நாள் கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“வக்கீலுக்காவ இல்லட்டி. முப்பது வருஷமா அந்த மண்ணுல நிக்கியது நானாக்கும். ஒனக்கு ஓட்டு உண்டு, செத்தவருக்கும் உண்டு. எனக்கு மட்டும் கெடையாது. ஒருக்கா போட்டுப் பாக்கணும்னு தோணிச்சு.”

அவர் செய்தது தப்பு, நாளைக்கு நடந்தாலும் நான் அதையேதான் சொல்வேன். ஆனால் நான் எல்லாரையும் பரிகாசம் பண்ணிக்கொண்டிருந்தேனே, என் ரசீதை ஆட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது இவரையும் பூங்கனியையும் நினைத்தேனா? ஓட்டு எனக்குக் கொடுக்கவில்லை மகளே, மண்ணுக்குக் கொடுத்தார்கள், மண் நடந்து போக முடியாததால் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

போன வருஷம் நீ எழுதியிருந்தாயே, கொழும்பில் ஓட்டுப் போட நிலமும் கேட்கவில்லை படிப்பும் கேட்கவில்லை, வரிசையில் உனக்கு முன்னால் மீன்காரி, பின்னால் டாக்டர் பெண்சாதி என்று. அதை வைத்து, வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு வேண்டும் என்று மலையாளத்தில் ஒரு மனு எழுதினேன். அதைச் சட்டசபையில் வாசிக்க வேண்டியவர் செல்வதாஸ் வக்கீல்தான், வாசிக்கட்டும், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். நேற்று பூங்கனி முதலில் விரல் வைத்தாள். காகிதம் மேஜைமேல் கிடந்தது. அப்பா வந்து நின்று முழுவதும் வாசித்தார். என் மலையாளத்தில் இரண்டு எழுத்துப் பிழையை அடித்துத் திருத்தினார். பிறகு அவளுடைய விரல் அடையாளத்துக்குக் கீழே சத்தியநேசன் என்று நிறுத்தி எழுதிவிட்டு, மாட்டை அவிழ்க்கப் போனார்.

அங்கே அந்தச் சட்டம் எப்படி வந்தது, யார் கேட்டார்கள் என்று விசாரித்து எழுது. இருமலுக்குச் சுக்கு போட்டுக் குடி, மழையில் நனையாதே. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, வேலையில் உனக்கு நல்ல பேர் தருவாராக. அப்பாவுக்குத் தனியே ஒரு கடிதம் போடு, இதைப் பற்றி அதில் ஒன்றும் கேட்காதே.

உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
நேசபாய்