ஒப்புக்கொடு என்று சொன்னவள் நான்தான்

என் அன்பு அருள் அப்பா,

உங்கள் மூன்றாம் ஆண்டு நினைவுப் பூசை முடிந்துவிட்டது. பாகூர் மைதானத்தில் இப்போது பெண் பிள்ளைகள் பேஸ்பால் ஆடுகிறார்கள். பயிற்சி கொடுப்பவன் நம் மகன் அருள். யார் எத்தனை பந்து எறிந்தாள் என்று நோட்டில் குறிக்கிறான். இன்று எறிந்தவள் நாளை கெஞ்சினாலும் பந்தைத் தரமாட்டான். அவனுடைய வலக்கை இன்றும் முழுதாக நீளுவதில்லை.

அவனுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். அளவில்லாமல் எறியவைத்து, மாஸ்டர் பெற்ற பிள்ளையின் கையையே கெடுத்துவிட்டார் என்று ஊர் பேசியது. நீங்களும் நம்பினீர்கள். படுக்கையில் கிடந்தபோதும் அவன் முழங்கையைத் தடவி மன்னிப்புக் கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்று போர்வையைச் சரிசெய்தேன். ஏன் வாய் திறக்கவில்லை?

அப்போது அவனுக்குப் பதினான்கு வயது. சனிக்கிழமை பள்ளிக்கு எறிந்தான், ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு எறிந்தான். ஒருநாள் சமையலறைக்கு வந்து, முழங்கையின் உள்பக்கம் குத்துகிறது என்றான். கான்வென்ட்டில் மதர் எங்களுக்குச் சொன்னதையே நானும் சொன்னேன்.

"வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. அப்பாகிட்ட போய் சிணுங்காத."

தைலம் தேய்த்து அனுப்பினேன். சாயங்காலம் தவறாமல் நீங்கள் கை எப்படி என்று கேட்பீர்கள். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பான். இப்படியே ஒரு மாதம்.

கை விட்டுப்போன பிறகு டாக்டர் சொன்னார்: வளர்கிற எலும்பு, முதல் வலியிலேயே நிறுத்தியிருந்தால் ஓய்விலேயே ஆறியிருக்கும். "அவன் சொல்லவே இல்லியே டாக்டர்" என்று நீங்கள் திகைத்தீர்கள். அப்போதும் நான் பேசவில்லை.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் தவளக்குப்பத்து ஷாலினி எறிந்தாள். பந்து குறி தப்பி மேலே மேலே போனது. இரண்டு முறை கையை உதறினாள். அருள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். மீன் விற்கும் அவள் அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஆட்டம்தான ஆயா, பல்லக் கடிச்சிக்கினு போட்டுடுவா."

நான் கைத்தடியை ஊன்றி மைதானத்துக்குள் போனேன். எல்லோரும் பார்த்தார்கள்.

"வலிக்குதாடி?"

"லைட்டா ஆயா."

"லைட்டா வலிச்சாலும் வலிதான். போய் சார்கிட்ட சொல்லு."

சொன்னாள். அருள் அவளை உட்காரவைத்தான். தோற்றோம். "ஒங்களுக்கு இன்னா ஆயா, ஜெயிச்சிருக்க வேண்டியது எம்பொண்ணு" என்று அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், அன்று உன் வாயை அடைத்து அப்பாமேல் பழி விழவிட்டவள் நான்தான் என்று அருளிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான்.

"அப்பா கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும்மா."

அப்பனும் மகனும் ஒரே வார்ப்பு. பழியென்றால் முந்திக்கொண்டு சுமக்கிறீர்கள். இதையாவது எனக்கு விடுங்கள். ஒப்புக்கொடுக்க எனக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்தார்கள். ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டியிருக்கிறான். வலி என்றால் உடனே சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறான். அவனுக்கு முன்னால் நான் எழுந்து பேசுவேன். இந்த ஊரில் நான் யார் முன்னாலும் தலைகுனிந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொண்ட நாள் முதல் உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை என்பதும் தெரியும். அன்று சொல்வேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தோணிசாமி மாஸ்டர் கெடுக்கவில்லை, நான் கெடுத்தேன் என்று.

உங்கள் மனைவி,
லூர்து மேரி