ரத்தம் எடுக்குமுன் வந்த ரிசல்ட்

மார்ச் 4, செவ்வாய்

நான் துவைத்துக் காயப்போட்ட துணியை நாத்தனார் இன்றும் எடுத்து மறுபடி அலசினாள். "சோப்பு போகலை அண்ணி." அவ்வளவுதான் சொன்னாள். சொன்ன தொனிக்கே ஓர் அறை விடலாம். மகாராணி வீட்டில் இருப்பது போதாதென்று, நான் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் அதே லேபில் ரத்தப் பரிசோதனையும் செய்கிறாள். நான் கீழே, அவள் இரண்டாம் மாடி. அந்தப் படிக்கட்டுதான் என்னைக் காப்பாற்றுகிறது.

இவரிடம் சொன்னேன். "தங்கச்சி பஞ்சாயத்தையெல்லாம் என்கிட்ட கொண்டுவராத" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மார்ச் 6, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். ஒரு டாக்டர் புகார் அனுப்பியிருக்கிறார். நோயாளிக்கு ரத்தம் எடுத்தது 5.20. சர்க்கரை ரிசல்ட் பதிவானது 5.14. ரத்தம் எடுப்பதற்கு முன்பே ரிசல்ட்! பதிந்தது மகாராணி. அவள் பெயரில் மட்டும் தேடிப் பார்த்திருக்கிறார்கள், அதே மாதிரி இன்னும் பல. "டெஸ்டே பண்ணாம நம்பரைப் போட்டிருக்காங்க" என்றார். அவளை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. திங்களன்று விசாரணை. பொய் ரிப்போர்ட் என்று முடிவானால் அப்புறம் எந்த லேபும் அவளை வாசற்படி ஏற்றாது.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். காப்பி குடித்து முடிக்கும்வரை பட்டேன். என் டைரியில் எனக்கென்ன வெட்கம்.

அப்புறம்தான் உறைத்தது. அவளா? அலசின துணியையே அலசுகிறவள் டெஸ்ட் பண்ணாமல் எழுதுவாளா?

போய்ப் பார்த்தேன். ரத்தம் எடுக்கும் மேஜையிலிருக்கும் கம்ப்யூட்டரில் நேரம் சரி. ரிசல்ட்டைப் பதியும் சர்வர் பதினோரு நிமிடம் பின்னால்! எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த புண்ணியவான், அது மணி கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரைக் காட்டி வைத்திருக்கிறார். அந்தப் பழசு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. சர்வரோ, இல்லாத ஆளிடம் மணி கேட்டுக் கேட்டு, பதில் வராமல், தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. மற்ற டெஸ்டுகளுக்கு அரை மணிக்கு மேல் ஆகும், அதனால் தெரியவில்லை. சர்க்கரைக்கு ஐந்தே நிமிடம். மாட்டிக்கொண்டாள்.

கை சும்மா இருக்குமா? வெளியே ஒழுங்காக மணி சொல்லும் நான்கு சர்வர்களைக் காட்டிவிட்டு, மணி கேட்கும் சர்வீஸை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். நேரம் டக்கென்று சரியானது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

முட்டாள். வடிகட்டின முட்டாள்.

மேனேஜரை அழைத்துப்போய் சர்வர் முன்னால் நிறுத்தினேன். தன் வாட்சைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கரெக்டாத்தானே ஓடுது?" ஓடாமல்? தப்பை நானே துடைத்து வைத்திருக்கிறேனே! ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. லாக்கைக் காட்டினேன் - எப்போது, எவ்வளவு நேரத்தை நகர்த்தியது என்று சர்வரே எழுதி வைத்திருக்கிறது. சிரித்தார். "பாஸ்வேர்ட் உங்ககிட்டதானே இருக்கு? நீங்களே எழுதிக்கலாமே. என்ன இருந்தாலும் நாத்தனார், விட்டுக்கொடுப்பீங்களா?" அவள் லீவில் இருந்த நாட்களில் மற்றவர்கள் போட்ட ரிசல்ட்டையும் பாருங்கள் என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விட்டுக்கொடுப்பேனா! அடக் கடவுளே, இந்த ஆளுக்கு யாராவது எங்கள் வீட்டை ஒரு நாள் காட்டுங்களேன்.

மார்ச் 8, சனி

அவள் அறைக்கதவு திறக்கவே இல்லை. இவர் என்னிடம் வந்து, "நீ ஏதாவது பண்ணக் கூடாதா?" என்கிறார். பண்ணினதுதான் வினையாகிவிட்டது என்று எப்படிச் சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

பழையபடி மணியைக் கெடவிட்டுக் காட்டலாமா? அவ்வளவு பின்தங்க மாதக்கணக்கில் ஆகும். நாளைக்கு விசாரணை.

மார்ச் 10, திங்கள்



விசாரணைக்கு வந்தவள் நேராக என் அறைக்கு வந்தாள். நான் மணியைத் திருத்தியதை யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். "வேணும்னேதானே அழிச்சீங்க? நான் தெருவுக்கு வரணும், அதானே?"

"தெருவுக்கு எங்கடி போவ நீ? நாள் பூரா வீட்டுல என் தலை மேலதான் உக்காருவ. அதுக்கு நான் ஆசைப்படுவேனா?"

"நான் இருக்கறதே உங்களுக்கு ஆகாது."

"ஆகாதுதான்! வந்த நாள்லேர்ந்து ஆகாது. என் துணியைத் தொடாதன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஒழுங்கா அலசினா நான் ஏன் தொடறேன்?"

அப்புறம் வந்ததை எழுத முடியாது. என் அம்மாவை இழுத்தாள். நிச்சயம்வரை வந்து தட்டிப்போன அவள் கல்யாணத்தை நான் இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது. இழுத்தேன். வாசலில் மொத்த லேபும் நின்றது. ஒருத்தி கையில் ரத்தம் எடுத்த ட்யூபோடு அப்படியே நின்றுவிட்டாள்.

மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகமே மாறியிருந்தது.

"நீங்க இவங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டீங்க" என்றார் மெதுவாக.

"இவளுக்காக நிஜத்தைச் சொல்றதே பெரிய விஷயம் சார்."

"அந்த லாக்கை எடுங்க."

இந்தத் தடவை உட்கார்ந்து படித்தார். மற்றவர்களின் சர்க்கரை ரிசல்ட்டையும் தானே தேடினார். அங்கேயும் அதே கதைதான்.

மார்ச் 11, செவ்வாய்

அவள் இன்று வேலைக்கு வந்துவிட்டாள்.

சாயங்காலம் என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் பஸ்ஸில்தான் போவாள்.

"நேத்து சொன்னதெல்லாம் நினைச்சுத்தான் சொன்னீங்களா அண்ணி?"

"ஆமா. கல்யாணத்தைப் பத்திச் சொன்னதைத் தவிர."

"நான் எல்லாத்தையும் நினைச்சுத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வீடுவரை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.